பயண அடுப்பு சரியாக எரியவில்லையா? கேஸ் பர்னருக்கும் ஸ்பிரிட் பர்னருக்குமான பிழை நீக்கும் வழிமுறை

முகாம்களுக்குக் கொண்டுசெல்லும் சிறிய அடுப்புகளைத் தொடர்ந்து பழுதுபார்த்து வருகிறேன். அவற்றில் பர்னரே கெட்டுப்போவது அபூர்வம். கலனிலுள்ள வாயு குளிர்ந்திருக்கும், ஸ்பிரிட்டில் (எரிபொருளாக ஊற்றும் ஆல்கஹாலில்) தண்ணீர் கலந்திருக்கும், காற்று நுழையும் துளையைத் தூசி அடைத்திருக்கும், அல்லது ஒரு ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். பெரும்பாலான புகார்கள் இந்த நான்குக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்து, பாகம் மாற்ற வேண்டியதை அடுத்தும், கைதேர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டிய கட்டத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். அவசரத்தில் இந்த வரிசையை மாற்றி, நேராக ஜெட்டை, அதாவது வாயு பீறிட்டு வரும் நுண்துளையுள்ள பித்தளைப் பாகத்தை, கழற்றத் தொடங்கிவிடாதீர்கள்.

எந்தச் சோதனையையும் திறந்த வெளியில், அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு, அருகில் வேறு எந்த நெருப்பும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ சோதித்துப் பார்க்கவே கூடாது.

## அடுப்பு நன்றாக எரிகிறது; ஆனால் தலை வலிக்கிறது, குமட்டுகிறது

மற்ற எல்லா அறிகுறிகளுக்கும் முன்னால் இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. மூடிய இடத்தில் எரியும் அடுப்பு, அது கேஸாக இருந்தாலும் ஸ்பிரிட்டாக இருந்தாலும், கார்பன் மோனாக்சைடை வெளியிடக்கூடும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவைதான் அது தரும் எச்சரிக்கை. குளிருக்காகக் கூடார வாசலை மூடிவிட்டு உள்ளே சமைப்பவர்களும், அடுப்பை அணைக்காமல் கணப்பாகப் பயன்படுத்துபவர்களும்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

இங்கே சோதித்துப் பார்க்க எதுவும் இல்லை. எல்லோரும் உடனே வெளியே வர வேண்டும். வெளியே வருகிற வழியில் கை எட்டினால் அடுப்பை அணைக்கலாம். எட்டாவிட்டால் அதற்காக உள்ளே தங்கக் கூடாது. ஒருவர் மயங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வெளிக்காற்றில் சிறிது நேரம் இருந்தும் தலைவலி குறையாவிட்டாலோ உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். தூங்கினால் சரியாகிவிடும் என்று யாரையும் படுக்க விடாதீர்கள்.

# கேஸ் பர்னர்

## கேஸ் வாசனை வருகிறது, அல்லது சீறும் ஒலி நிற்கவில்லை

கலனைத் திருகிப் பொருத்தும்போது ஒரு நொடி சீறல் கேட்பது இயல்பு. வால்வின் நடு ஊசி அழுந்தியதற்கும் ரப்பர் வளையம் இறுகியதற்கும் இடைப்பட்ட நேரத்தில் வெளியேறும் வாயு அது. முழுவதும் திருகிய பிறகும் ஒலி தொடர்ந்தால் அது கசிவு. பியூட்டேனும் புரொப்பேனும் காற்றைவிடக் கனமானவை; கசிந்த வாயு மேலே பறந்துவிடாமல் தரையோடு பரவிப் பள்ளமான இடங்களில் தேங்கும். எனவே நின்றபடி வாசனை தெரியவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது.

முதல் வேலை அடுப்பின் குமிழை மூடுவது. பிறகு கலனைக் கழற்றி, மரை கோணலாக ஏறியிருந்ததா என்று பார்த்து, நேராக நிறுத்திக் கையால் மட்டும் மீண்டும் திருகுங்கள். இடுக்கியால் முறுக்கினால் வளையம் நசுங்குமே ஒழியக் கசிவு நிற்காது.

அப்போதும் நிற்கவில்லையா? பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுப்பும் கலனும் சேரும் இடம், குமிழின் தண்டு, குழாய் இருந்தால் அதன் இரு முனைகள் ஆகியவற்றில் சிறிய தூரிகையால் தடவுங்கள். கசியும் இடத்தில் முதலில் குண்டூசித் தலையளவில் ஒரு குமிழி எழும், அது பெருத்து உடையும், அதே புள்ளியில் அடுத்தது எழும். சோப்பைக் கலக்கியதால் வந்த நுரை அப்படித் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வளராது. இந்த வேறுபாட்டைப் பார்க்க அரை நிமிடமாவது பொறுமையாக உற்றுநோக்க வேண்டும். தீக்குச்சியைக் காட்டிக் கசிவு தேடுவது இன்றும் சிலரிடம் இருக்கிற பழக்கம். அதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள்.

குமிழி அடுப்பும் கலனும் சேரும் இடத்தில் எழுந்தால்: அடுப்பின் மரைக்கு உள்ளே இருக்கும் ஓ-ரிங்தான் காரணமாக இருக்கும். கலனைக் கழற்றிவிட்டு அந்த வளையத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தட்டையாகியிருந்தாலோ, நகத்தால் அழுத்தும்போது மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தாலோ, ஓரிடத்தில் மண் துகள் ஒட்டியிருந்தாலோ அதுவே கசிவின் வாய். துகளைத் துடைத்து எடுக்கலாம். வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதே அளவில், எரிவாயுவுக்கென்று செய்யப்பட்ட நைட்ரைல் ரப்பர் வளையத்தையே வாங்குங்கள். தண்ணீர்க் குழாய்க்கான வாஷர் பார்வைக்குப் பொருந்தினாலும் எரிவாயுவுக்குத் தாங்காது.

அடுப்பைக் கழற்றிய பிறகும் கலனின் வால்வுத் துளையில் ஒரு சொட்டு சோப்பு நீர் குமிழியிட்டால்: கலனின் வால்வு முழுவதும் மூடவில்லை. அடுப்பை ஒருமுறை பொருத்திக் கழற்றினால் ஊசி சில நேரம் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். அப்படியும் குமிழி வந்தால் அந்தக் கலனை நம்ப வேண்டாம். நெருப்பும் ஆட்களும் இல்லாத, நல்ல காற்றோட்டமுள்ள வெளியில், பள்ளத்திலிருந்தும் வடிகாலிலிருந்தும் தள்ளி, நிமிர்த்தி வைத்துவிடுங்கள். வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுசெல்லவும் கூடாது.

குமிழின் தண்டிலோ வால்வு உடலிலோ குமிழி எழுந்தால்: உங்கள் வேலை அத்துடன் முடிகிறது. வால்வைப் பிரித்து மூடியபின் அது கசியவில்லை என்று உறுதிசெய்யும் கருவிகள் தயாரிப்பாளரின் பழுதுநீக்கும் நிலையத்தில்தான் இருக்கும். விலை குறைந்த அடுப்பாக இருந்தால் புதிதாக வாங்குவதே நல்லது. ரப்பர்க் குழாய் வளைவில் வெடித்திருந்தால் அதை ஒட்டுப் போடக் கூடாது. குழாயை முழுவதுமாக மாற்ற வேண்டும்.

## குமிழைத் திறந்தும் கேஸ் வரவில்லை

கலன் காலியா என்பதை ஆட்டிப் பார்த்துத் தீர்மானிப்பது சரிவராது. எடை போடுவதே சரியான வழி. கலனின் மீது உள்ளிருக்கும் வாயுவின் நிகர எடை அச்சிடப்பட்டிருக்கும். 100, 230, 450 கிராம் ஆகியவை வழக்கமான அளவுகள். புதிதாக வாங்கியவுடன் மொத்த எடையைப் பார்த்து அதன் மேலேயே எழுதிவைத்தால், பிறகு எப்போது எடை போட்டாலும் மீதம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். தராசு இல்லாத இடத்தில் கலனைத் தண்ணீரில் மிதக்க விடலாம். நிறைந்த கலன் ஆழ அமிழ்ந்தும் காலிக் கலன் உயர்ந்தும் மிதக்கும்.

கலனில் வாயு இருக்கிறது என்றால், அடுத்து அது முழுவதும் திருகப்பட்டதா என்று பாருங்கள். கடைசி அரைச் சுற்று ஏறாவிட்டால் அடுப்பின் ஊசி வால்வை அழுத்தாது. படுக்கை வாட்டில் கலன் வைக்கும் மேசை அடுப்பில், கலனின் கழுத்திலுள்ள பள்ளம் அடுப்பில் குறித்துள்ள இடத்துக்கு நேராக, பெரும்பாலும் மேல்நோக்கி, இருக்க வேண்டும். அது தவறினால் பூட்டும் நெம்புகோல் இறங்காது. பலத்தைக் காட்டி இறக்கினால் வளைந்துவிடும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தால் ஜெட் அடைத்திருக்கக்கூடும். அதன் துளை ஏறத்தாழ 0.3 மி.மீ. அளவுதான் என்பதால் ஒரு துகள் போதும். கலனைக் கழற்றி, பொருத்தமான ஸ்பானரால் ஜெட்டை எடுத்து, ஸ்பிரிட்டில் சில மணி நேரம் ஊறவைத்து, ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான, ஓரம் சிதையாத ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தையல் ஊசியை நுழைக்காதீர்கள். ஜெட் பித்தளை, ஊசி எஃகு. துளை சற்றுப் பெரிதானாலும் அளவுக்கு மீறிய வாயு வந்து அடுப்பு மஞ்சளாக எரியத் தொடங்கும், அதைத் திருத்த முடியாது. அடுப்போடு தயாரிப்பாளர் தந்த சுத்தம் செய்யும் கம்பி இருந்தால் அதை மட்டும் பயன்படுத்தலாம். ஜெட்டைத் திரும்பப் பொருத்திய பிறகு சோப்பு நீர்ச் சோதனையை மறக்காமல் செய்யுங்கள். தூய்மையான ஜெட்டிலும் கேஸ் வரவில்லையென்றால் கோளாறு வால்விலோ ரெகுலேட்டரிலோ இருக்கிறது, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

## கேஸ் வருகிறது. பொத்தானை அழுத்தினால் பற்றவில்லை

தீப்பெட்டியோ லைட்டரோ வைத்துப் பற்றவைத்தால் எரிகிறதா? எரிந்தால் கோளாறு தீப்பொறி அமைப்பில் மட்டுமே. மின்முனை ஈரமாக இருந்தால் துடையுங்கள். அது பர்னரிலிருந்து விலகி வளைந்திருந்தால் 3 அல்லது 4 மி.மீ. இடைவெளி வரும்படி மெல்ல நிமிர்த்துங்கள். சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருந்தால் பாகத்தையே மாற்ற வேண்டும். உயரமான மலைகளில் பல தீப்பொறிப் பொத்தான்கள் வேலை செய்வதில்லை என்பதால் தீப்பெட்டி இல்லாமல் புறப்படுவது சரியல்ல. முதல் முயற்சியில் பற்றாவிட்டால் குமிழை மூடி, தேங்கிய வாயு கலைந்துபோகும்வரை காத்திருந்து, பிறகு பற்றவையுங்கள்.

## தொடக்கத்தில் நன்றாக எரிந்து, போகப்போகச் சுடர் சோர்ந்துவிடுகிறது

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். பலரும் ஜெட்டைச் சந்தேகிக்கிறார்கள். அடைப்பு இருந்தால் பற்றவைத்த நொடியிலேயே சுடர் சிறிதாக இருக்கும்; நன்றாகத் தொடங்கிப் பிறகு சோர்வது குளிரின் அடையாளம்.

கலனில் இருப்பது திரவம். அது ஆவியாகும்போது கலனிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் எரிய எரியக் கலன் குளிர்ந்துகொண்டே போகும். நார்மல் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸிலும், ஐசோபியூட்டேன் ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரியிலும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதிக்கும். சுற்றுப்புறம் 5 டிகிரியை நெருங்கினாலே வெறும் பியூட்டேன் நிரப்பிய கலன் சோர்ந்துபோவது இதனால்தான். கலப்பு வாயுவிலும் முதலில் புரொப்பேன் அதிக அளவில் வெளியேறிவிடும். பாதிக்கு மேல் தீர்ந்த கலன், புதிய கலன் எரிந்த அதே குளிரில் எரிய மறுக்கும்.

கலனை விரல்களால் தொட்டுப் பாருங்கள். திரவமட்டம் வரை வெளிப்புறத்தில் பனித்துளிகளோ வெண்பனியோ ஒரு கோடுபோல் படிந்திருந்தால் நோயை அறிந்துவிட்டீர்கள் என்று பொருள். அதற்கான மாற்றுகளை எளியதிலிருந்து சொல்கிறேன்.

குமிழைச் சற்றுக் குறைத்து எரியுங்கள். ஆவியாகும் வேகம் குறைந்தால் குளிர்வதும் குறையும். கலனை ஈரத் தரையிலோ பனியிலோ நேரடியாக வைக்காமல் பலகைமேல் வையுங்கள். இன்னொரு கலன் இருந்தால் அதைப் போர்வைக்குள் வைத்திருந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இவை போதாவிட்டால், ஒரு தட்டையான கிண்ணத்தில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை ஓரிரு விரற்கடை ஆழத்துக்கு ஊற்றி, கலனின் அடிப்பாகம் அதில் நிற்கும்படி வைத்தால் சில நொடிகளிலேயே சுடர் உயர்வதைக் காணலாம். கொதிநீர் கூடாது. கலனை நெருப்பின் அருகே காட்டிச் சூடேற்றுவதும், சுடரின் வெப்பத்தைச் செம்புக் கம்பியால் கலனுக்குக் கொண்டுவருவதும் என் பார்வையில் தேவையற்ற ஆபத்து. கலன் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதன் மீதே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். கம்பி வைத்தவர்கள் அந்த வெப்பத்தை அளந்து பார்ப்பதில்லை.

அடுத்தது செலவாகும் வழி. உறைநிலைக்கு அருகே அடிக்கடி சமைப்பவர்கள் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கலனுக்கு மாறுவது நல்லது. கலன் தனியாகத் தரையில் நின்று, குழாய் வழியே பர்னருக்கு வாயு போகும் அடுப்புகளில், சுடரின் ஊடாக ஓர் உலோகக் குழாய் வளைந்து செல்வதைப் பார்த்தால், அதில் கலனைத் தலைகீழாக வைத்தும் எரிக்கலாம். முதலில் நிமிர்த்தி வைத்து ஒரு நிமிடம்போல் எரித்து, அந்தக் குழாய் சூடான பிறகு மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். அந்தக் குழாய் இல்லாத அடுப்பில் கவிழ்த்தால் திரவம் அப்படியே பர்னருக்கு வந்து பந்தம்போல் எரியும்.

வெதுவெதுப்பான, நிறைந்த கலனிலும் சுடர் தொடக்கத்திலிருந்தே சிறிதாக இருந்தால் மட்டும் முன்பு சொன்ன ஜெட் சோதனைக்குப் போங்கள்.

## சுடர் மஞ்சளாக எரிகிறது. பாத்திரத்தில் கரி பிடிக்கிறது

காற்று போதவில்லை. பர்னருக்குக் கீழே, ஜெட்டுக்குச் சற்று மேலே, காற்று நுழையும் துளைகள் இருக்கும். நீண்ட நாள் மூட்டையில் கிடந்த அடுப்பில் அங்கே நூலும் தூசியும், பல நேரங்களில் சிலந்தி வலையும் இருக்கும். மென்மையான தூரிகையால் எடுத்துவிடுங்கள். பர்னர் தலையில் பொங்கி வழிந்த உணவு காய்ந்திருந்தால் சூடான சோப்பு நீரில் கழுவி, முழுவதும் உலர்த்திய பின் பொருத்துங்கள். காற்றுத் தடுப்பு நான்கு பக்கமும் இறுக்கமாகச் சூழ்ந்திருந்தாலும் இதே விளைவுதான். சுத்தம் செய்தும் மஞ்சள் மாறாவிட்டால் ஜெட்டின் துளை பெரிதாகியிருக்கும். அதே மாதிரிக்குரிய புதிய ஜெட்டைப் பழுதுபார்ப்பவரிடம் மாற்றச் சொல்லுங்கள். மஞ்சள் சுடரில் கார்பன் மோனாக்சைடு அதிகமாக உண்டாகும் என்பதால் கரியைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து சமைப்பது சரியல்ல. ஓரத்தில் அவ்வப்போது எழும் ஆரஞ்சுப் பொறி வெறும் தூசியோ உப்போ எரிவதுதான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

## சுடர் திடீரென ஆளுயரத்துக்கு எழுகிறது

கலன் ஆடியிருக்கிறது அல்லது சாய்ந்திருக்கிறது. திரவம் வால்வுக்குள் புகுந்துவிட்டது. குமிழை மூடுங்கள், அடுப்பைச் சமதளத்தில் நிமிர்த்தி வைத்துச் சில நிமிடங்கள் விட்டுப் பற்றவையுங்கள். பற்றவைத்த முதல் நிமிடத்தில் அடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. அசையாமல் நிற்கும் அடுப்பிலும் சுடர் தானாக ஏறி இறங்கினால் ரெகுலேட்டர் பழுதாகியிருக்கிறது. அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு நிபுணரிடம் காட்டுங்கள்.

## சுடர் பர்னருக்குள்ளேயே எரிகிறது, விசில் அடிப்பதுபோல் ஒலிக்கிறது

மிகக் குறைந்த சுடரில் காற்று அடிக்கும்போதோ, பர்னர் துளைகள் பாதி அடைபட்டிருக்கும்போதோ சுடர் பின்வாங்கி ஜெட்டருகே எரியத் தொடங்கும். உடனே மூடி, ஆறவிட்டு, பர்னர் தலையைச் சுத்தம் செய்து, கொஞ்சம் கூடுதலாகத் திறந்து பற்றவையுங்கள். மீண்டும் நிகழ்ந்தால் உள்குழாய் உருகியிருக்கவோ வளைந்திருக்கவோ வாய்ப்பு உண்டு. அதைக் கடையில் காட்டித்தான் பார்க்க வேண்டும்.

## கலன் சுடுகிறது, அல்லது மேசை அடுப்பு தானாக அணைகிறது

மேசை அடுப்புகள் பலவற்றில், கலனின் அழுத்தம் வரம்பை மீறினால் கலனைத் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பு உண்டு. அது துண்டித்தால் அடுப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. கலன் அறையின் மேலே நீண்டிருக்கும் அகலமான பாத்திரம் அல்லது தோசைக்கல், அருகருகே வைத்த இரண்டு அடுப்புகளுக்கு மேல் ஒரே பெரிய தட்டு, சுற்றிலும் கட்டிய அலுமினியத் தாள் ஆகியவை வெப்பத்தைக் கலனின் மீது திருப்பிவிடுகின்றன. பாத்திரத்தைச் சிறிதாக்கி, கலன் ஆறிய பின் மீண்டும் பூட்டினால் எரியும். ஆறிய கலனிலும், சிறிய பாத்திரத்திலும் நெம்புகோல் திரும்பத் திரும்ப விடுபட்டால் அதைக் கயிற்றால் கட்டி நிறுத்தாமல் பழுதுபார்க்கக் கொடுங்கள்.

கலன்மேல் நேரடியாக அமரும் சிறிய பர்னருக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. காற்றுத் தடுப்பால் அதை முழுவதும் சூழ்ந்துவிட்டால் சுடரின் வெப்பம் கலனில் இறங்கி, கலன் வெடிக்கும் நிலை வரும். தடுப்பைக் காற்று வரும் பக்கம் மட்டும் வைத்து, சமைக்கும்போது அவ்வப்போது கலனைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாதபடி சுட்டால் உடனே அணைக்க வேண்டும்.

# ஸ்பிரிட் பர்னர்

இதில் வால்வும் இல்லை, ஜெட்டும் இல்லை. அதனால் பழுது குறைவு, தீக்காயம்தான் அதிகம். கீழே முதலில் வரும் அறிகுறியை அடுப்பு நன்றாக எரிபவர்களும் படித்துவிடுங்கள்.

## எரிகிறதா அணைந்துவிட்டதா என்று தெரியவில்லை

பகல் வெளிச்சத்தில் ஆல்கஹால் சுடர் கண்ணுக்குத் தெரியாது. மெத்தனால் சுடர் நிழலில்கூடத் தெரிவது கடினம். அணைந்துவிட்டது என்று எண்ணிப் புட்டியைச் சாய்த்து ஊற்றும்போது சுடர் புட்டிக்குள் ஏறி, உள்ளிருக்கும் ஆவியைப் பற்றவைத்து, எரியும் திரவத்தை எதிரில் இருப்பவர்மீது பீய்ச்சியடிக்கும். மிகக் கடுமையான விபத்துகள் இந்த ஒரு செயலில் நிகழ்கின்றன.

அணைந்ததா என்று சந்தேகம் வந்தால் பர்னருக்குரிய மூடியைக் கவிழ்த்து வையுங்கள், எரிந்துகொண்டிருந்தாலும் அணைந்துவிடும். மூடியை எடுத்த பிறகு, உலர்ந்த ஒரு புல்லைக் கைநீளத்துக்கு நீட்டிப் பர்னர் வாயின் மேலே காட்டுங்கள். அது கருகவில்லையென்றால், பர்னரின் பக்கச் சுவரை வெறுங்கையால் தொட முடிகிறவரை காத்திருங்கள். பிறகும் பெரிய புட்டியிலிருந்து நேரடியாக ஊற்றாமல், தேவையான அளவை ஒரு சிறிய கோப்பையில் எடுத்துக்கொண்டு, புட்டியை மூடித் தள்ளி வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

ஸ்பிரிட் சிந்திப் பற்றிக்கொண்டால் மூடியாலோ ஈரத்துணியாலோ மூடி அணையுங்கள். தண்ணீர் ஆல்கஹாலோடு கலந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு குவளை மட்டும் ஊற்றினால் எரியும் திரவம் பரவுவதற்கே அது உதவும். நிறையத் தண்ணீர் இருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உடலில் தீப்புண் பட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டுங்கள். முகம், கை, மூட்டு ஆகியவற்றில் பட்டாலோ கொப்புளம் பெரிதாக இருந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

## பற்றவே இல்லை

எத்தனால் தீப்பற்றத் தேவையான ஆவியை வெளியிட ஏறத்தாழ 13 முதல் 17 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். குளிர்ந்த காலையில் தீக்குச்சியை உள்ளே போட்டாலும் அணைந்துவிடுவது அதனால்தான். புட்டியை நன்கு மூடிச் சட்டையின் உள்பையில் சிறிது நேரம் வைத்திருந்தாலே போதும். இன்னும் குளிராக இருந்தால், பர்னருக்குக் கீழே ஓர் உலோக மூடியில் சில சொட்டு ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்துப் பர்னரைச் சூடாக்கலாம்.

சூடேற்றியும் பற்றாவிட்டால் எரிபொருளைச் சோதியுங்கள். ஒரு தேக்கரண்டி அளவை உலோக மூடியில் ஊற்றி எரித்து, தானாக அணைந்த பிறகு பாருங்கள். அடியில் தெளிவான நீர் தேங்கி நின்றால் அந்த ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம். காயங்களைத் துடைக்க விற்கும் 70 சதவீத ஆல்கஹாலில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். அதை நம்பிச் சமைக்க முடியாது. மூடி தளர்ந்த புட்டியிலுள்ள ஆல்கஹாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

## நடுவில் எரிகிறது. பக்கத் துளைகளில் சுடர் எழவில்லை

எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் பக்கத் துளைகளிலிருந்து சுடர் வரும். குளிர்ந்த பாத்திரத்தை முன்கூட்டியே வைத்தால் இது தாமதமாகும். சுடர் வட்டமாக மலர்வதைப் பார்த்த பிறகு வையுங்கள். பர்னரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பியிருந்தாலும் தாமதம் ஏற்படும். சில துளைகள் மட்டும் எரியவில்லையென்றால் அவற்றில் படிவு இருக்கிறது. இங்கே மெல்லிய கம்பியால் தாராளமாகக் குத்திச் சுத்தம் செய்யலாம்.

## பாத்திரத்தை வைத்ததும் அணைகிறது, அல்லது நீர் கொதிப்பதற்குள் எரிபொருள் தீர்ந்துவிடுகிறது

இரண்டுக்கும் அடிப்படை பாத்திரத்தின் உயரமும் காற்றும்தான். பாத்திரம் பர்னர் வாயை ஒட்டி இருந்தால் காற்று கிடைக்காமல் சுடர் மூச்சுமுட்டும். மிக உயரத்தில் இருந்தால் வெப்பம் பக்கவாட்டில் போய்விடும். திறந்த வாயுள்ள பர்னருக்கு 3 செ.மீ. இடைவெளியில் தொடங்கி, அரை செ.மீ. கூட்டியும் குறைத்தும் பார்த்துச் சரியான உயரத்தைக் கண்டுபிடியுங்கள். ஸ்பிரிட் சுடர் மெல்லியது என்பதால் இலேசான காற்றுகூட அதைச் சாய்த்துவிடும். காற்றுத் தடுப்பு இல்லாமல் இந்த அடுப்பைக் குறை சொல்லக் கூடாது. இங்கே கலன் ஏதும் இல்லாததால் தடுப்பு சுற்றிலும் வரலாம். அடியில் காற்று நுழையச் சில துளைகளும், பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரல் இடைவெளியும் இருந்தால் போதும்.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு கிலோ எத்தனாலில் உள்ள வெப்பம் அதே எடை கேஸில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான்; மெத்தனாலில் இன்னும் குறைவு. தடுப்பும் மூடியும் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 30 முதல் 40 மி.லி. ஸ்பிரிட் செலவாகலாம். அதற்கு மேல் மிக அதிகமாகச் செலவானால் மட்டும் இடைவெளியையும் எரிபொருளின் தரத்தையும் மறுபடி பாருங்கள்.

## கரி படிகிறது, கண் எரிகிறது

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மஞ்சளாக எரிந்து கரி விடுவது அதன் இயல்பு. எத்தனால் சார்ந்த ஸ்பிரிட்டுக்கு மாறினால் போதும். எத்தனாலிலும் கரி வந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலப்பது பழைய, பயனுள்ள வழி. மெத்தனால் கரி விடாது. ஆனால் அதன் ஆவியும், தோலில் படும் திரவமும் உடலுக்குள் நஞ்சாகப் போகும், குடித்தால் பார்வை பறிபோகும், உயிரும் போகலாம். கிடைக்கும் இடத்தில் எத்தனாலையே வாங்குங்கள். எதை வாங்கினாலும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள்.

## சுடர் பொங்கிப் பொங்கி எரிகிறது

பர்னர் அளவுக்கு மீறிச் சூடாகி, எரிபொருள் கொந்தளிக்கிறது. மூடியைக் கவிழ்த்து அணைத்து, ஆறவிட்டு, காற்றுத் தடுப்பை அகலமாக்குங்கள், குறைவாக நிரப்புங்கள். அவ்வளவுதான்.

## மூட்டைக்குள் ஸ்பிரிட் கசிகிறது

திருகு மூடி உள்ள பித்தளைப் பர்னர்களில் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அணைப்பதற்கு அந்த மூடியையே சுடச்சுடப் போட்டால் வளையம் உருகிவிடும். அணைக்க வளையமில்லாத மூடியைத்தான் பயன்படுத்த வேண்டும். உருகிய வளையத்தை மாற்றினால் கசிவு நிற்கும். நிற்காவிட்டால் பர்னரைத் துடைத்து, தண்ணீர் ஊற்றி, உலர்ந்த காகிதத்தின் மேல் ஓர் இரவு வையுங்கள். காகிதத்தில் ஈர வட்டம் விழுந்தால் பற்றுவைத்த இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அதை வீட்டில் ஈயம் வைத்து ஒட்ட முயன்றால், அந்த இடத்தில் சுடர் படும்போது ஈயம் இளகி, எரியும் ஸ்பிரிட் அடியில் ஒழுகும். அந்தப் பர்னரை விலக்கிவிட்டுப் புதிய பர்னரை மட்டும் வாங்குங்கள்; பாத்திரம் தாங்கும் சட்டமும் காற்றுத் தடுப்பும் பழையதே பொருந்தும்.